உனக்கென்று ஊற்றிய தேன்

கிரேனே ஊர்,
ஹெலிக்கோன் மலையடிவாரம்.
விதைப்பு தொடங்கிய நான்காம் நாள்.

அன்பு மகன் மினாசோனுக்கு,

உன் அம்மா மெலித்தா சொல்லச் சொல்ல உன் அக்காள் வீட்டுக்காரர் கல்லியாஸ் எழுதுகிற கடிதம் இது. மகனே, நீ நலமா? இந்த ஒரு வார்த்தையைக் கேட்க எனக்கு மூன்று வருடமாக வழியில்லை, செத்துப்போனவனிடம் நலமா என்று யார் கேட்பார்கள்? இங்கே நானும் உன் அப்பாவும் உன் அக்காள் இயாந்தேயும் அவள் பிள்ளைகள் இரண்டும் தெய்வங்களின் தயவில் சுகமாக இருக்கிறோம். கறுப்பு ஆடு மூன்று குட்டி போட்டது, அதில் ஒன்று நொண்டி. அத்திமரம் இந்த வருடம் கொப்பு ஒடியக் காய்த்தது. ஒவ்வொரு கூடையிலும் மேலாக நாலு பழம் உனக்கென்று எடுத்து வைத்து அதைக் கொண்டுபோய் உன் சமாதி மேட்டில் படைத்தேன். நீயோ அந்த நேரம் சிசிலித் தீவில் ஏதோ ஒரு கப்பல் பட்டறையில் பலகைக்குத் தார் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்.

உன் கடிதம் திராட்சை மிதிக்கிற சமயத்தில் வந்தது. கொரிந்து நகரத்து எண்ணெய் வியாபாரி மடியிலிருந்து ஒரு ஈயத் தகட்டுச் சுருளை எடுத்து, "மெலித்தாங்கிற அம்மா கையில மட்டும் குடுன்னு அந்தப் பையன் சத்தியம் வாங்கிட்டான்" என்று சொல்லி என்னிடம் நீட்டினார். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத்தான் தெரியுமே, மாப்பிள்ளையைத் தொட்டியிலிருந்து கூப்பிட்டேன். அவர் திராட்சைச் சாறு வழிகிற காலோடு வந்து தகட்டைப் பிரித்து முதல் வரியை வாசித்தார், பிறகு தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன என்று கேட்டதற்கு, "அத்தை, நம்ம மேட்டுல இருக்கிறவன் கடுதாசி போட்டிருக்கான்" என்றார். செத்த பிள்ளையை வைத்து விளையாடுகிறீரா என்று கையில் இருந்த கூடையாலேயே அவரை அடித்துவிட்டேன். அப்புறம் அவர் அந்தத் தேனடை சமாசாரத்தை வாசித்தார். எட்டு வயதில் நீ திருடித் தின்றதும், நான்தான் தின்றேன் என்று உன் அப்பாவிடம் நான் பொய் சொன்னதும் உனக்கும் எனக்கும் தவிர இந்த உலகத்தில் யாருக்குத் தெரியும்? நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா சிரித்தேனா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

உன்னைச் சாகடித்தது நான்தான் மகனே, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேய்ச்சல் நிலத்துக்காகப் பெத்ரா ஊர்க்காரர்களோடு சண்டை நடந்து மூன்றாம் நாள் ஆட்கள் பள்ளத்தில் ஒரு உடலைக் கண்டார்கள். முகம் கல்லடியில் சிதைந்துபோய், வெயிலில் கெட்டுப்போய், தூக்கிவர முடியாத நிலையில் இருந்ததாம். அங்கேயே எரித்து எலும்பை ஒரு சாடியில் எடுத்துக்கொண்டு, உடலில் இருந்த போர்வையை மட்டும் அடையாளத்துக்காக என்னிடம் கொண்டுவந்தார்கள். நீல அலைக்கரை போட்ட போர்வை, இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து நான் நெய்தது. அதைப் பார்த்ததும் என் பிள்ளைதான் என்று கத்திவிட்டேன். அதை எடுத்துவந்தவன், "குழந்தைக்குச் சுத்துற மாதிரி கழுத்து வரைக்கும் இழுத்துச் சுத்தியிருந்துச்சு அத்தை" என்று சொன்னது என் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. சண்டைக்குப் போகிறவன் போர்வையைத் தோளில் ஊசி குத்தி மாட்டுவானா, இல்லை கழுத்து வரை சுற்றிக்கொள்வானா? துவைக்கும்போது பார்த்தேன், ஒரு ஓட்டை இல்லை, ஒரு கிழிசல் இல்லை. யாரோ யாருக்கோ போர்த்திவிட்ட போர்வை அது என்று பெற்றவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? நான் முடியை அறுத்துப் போட்டு ஒப்பாரி வைக்கத்தான் அவசரப்பட்டேன்.

எலும்புச் சாடியை ஊர் எல்லையில், பெத்ராவைப் பார்த்த மாதிரி, மேடு கட்டிப் புதைத்து உன் பெயரைக் கல்லில் வெட்டினார்கள். அந்த மாதமே ஆலங்கட்டி மழை வந்து சுற்றுப்பட்டு வயலையெல்லாம் அடித்துப் போட்டது, நம் ஊர் வாற்கோதுமையில் ஒரு கதிர்கூட முறியவில்லை. ஊர்த்தலைவரின் காணாமல்போன கோவேறு கழுதை நேராக உன் மேட்டில் வந்து நின்றது. கல்லிடுக்கில் ஒரு பாம்பு குடிவந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா, ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மினாசோன் வீரனாகிவிட்டான், மண்ணுக்குள் இருந்து நம்மைக் காக்கிறான் என்றார்கள். மூன்று வருடமாகப் பெத்ராக்காரன் ஒருவன்கூட எல்லை தாண்டவில்லை, அதுவும் உன் கணக்கில்தான். மாதாமாதம் ஒரு கறுப்புக் கிடாயின் தலையைத் தரையைப் பார்த்து அழுத்தி அறுத்து இரத்தத்தைக் குழியில் விடுகிறார்கள், நான் பாலும் தேனும் ஊற்றுகிறேன். உன்னைத் தாண்டிப் போகிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு போகிறார்கள். சாப்பாட்டில் கீழே விழுந்த ரொட்டித் துண்டைப் பிள்ளைகள் எடுப்பதில்லை, அது மினாசோன் மாமாவுக்காம். உயிரோடு இருந்தபோது உனக்கு ஒரு வாய்க் கூழ் ஊற்றாதவர்கள் எல்லாம் இப்போது உனக்குப் பயப்படுகிறார்கள். பூசாரி வேலை மாப்பிள்ளைக்கு வந்தது, கிடாயின் தொடை அவருக்குப் பங்கு, இரண்டு விரற்கடை தொந்தி விழுந்திருக்கிறது. இதை எழுத மாட்டேன் என்றார், எழுதும் என்றேன்.

இன்னொரு கூத்தையும் கேள். வீரனென்றால் தெய்வத்தின் வித்தாக இருக்க வேண்டுமாம். ஊர்த்தலைவரின் பெண்டாட்டி ஒருநாள் கிணற்றடியில் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய், "எங்கிட்ட மட்டும் சொல்லு மெலித்தா, சீயுஸ் சாமி உங்கிட்ட எப்படி வந்தாரு? கதையில சொல்ற மாதிரி தங்க மழையாவா, அன்னப்பறவையாவா?" என்று கேட்டாள். "ஆட்டு நாத்தத்தோட, குளிக்காம வந்தாரு, பேரு ஆந்திரோன்" என்றேன். அவளுக்கு உன் அப்பா பெயர் ஞாபகம் வரவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அன்று சிரித்ததுதான், அந்த மூன்று வருடத்தில் நான் மனம்விட்டுச் சிரித்தது வேறு நினைவில்லை.

நீ எழுதியிருந்ததை மாப்பிள்ளையை நான்கு முறை வாசிக்கச் சொன்னேன். நம் பக்கத்துக் கவண்கல் பட்டு உன் காலடியில் விழுந்தவன் தெலோன், பெத்ரா ஊர், உன் வயதுதான். அந்த வெயிலில் குளிருது குளிருது என்று நடுங்கினான், அம்மா எங்கே என்று கேட்டான், நீ கேடயத்தைப் போட்டுவிட்டுப் போர்வையைச் சுற்றி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். அவன் மூச்சு நின்றபிறகு நிமிர்ந்து பார்த்தால் சண்டை முடிந்து ஆட்கள் போய்விட்டார்கள். போட்ட கேடயத்தையும் காணோம், ஈட்டியால் ஒருவனையும் குத்தவும் இல்லை, எப்படி வீட்டுக்குப் போவது, அதற்கு முந்தின நாள்தானே அப்பா, "நீ எந்தக் காலத்துலயும் ஆம்பளையா நிக்க மாட்டே" என்று சொன்னார் என்று நினைத்துத் துறைமுகத்துக்கு நடந்துவிட்டாய். ஊருக்குப் போய்வந்த யாரோ ஒருவன் உன் மேட்டைப் பற்றி அங்கே சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டுவிட்டு, "அம்மா, நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன், உசிரோட இருக்கிற ஓடுகாலியைவிட செத்துப்போன வீரன்தான் உங்களுக்குப் பெருமை" என்று எழுதுகிறாயே, உன்னை என்ன செய்தால் தகும்?

வீரன் வீரன் என்கிறார்களே, அவர்கள் யார் என்று நான் யோசித்துப் பார்த்தேன். ஹெராக்ளிஸ் சிங்கத்தைக் கொன்றார், சரி. பித்துப் பிடித்துத் தன் பிள்ளைகளையும் அவரே கொன்றார். அக்கிலிஸ் ஒரு பெண்ணுக்காகக் கோபித்துக்கொண்டு கூடாரத்தில் படுத்தார், வெளியே அவர் ஆட்கள் செத்து விழுந்தார்கள். தீப்ஸ் நகரத்து ராஜா பெற்ற அப்பனையே வழியில் அடித்துக் கொன்றார். இவர்களில் எவரையாவது என் வீட்டுக்கு மருமகனாகக் கேட்டால் கதவைச் சாத்துவேன். நல்லவனாக இருப்பதற்கும் வீரனாக இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை மகனே, ஊர் பயப்பட வேண்டும், ஒரு மேடு வேண்டும், அதைவிட முக்கியமாகச் சாக வேண்டும். பாட்டுக் கட்டுகிறவர்கள் வீரனின் குதிரைக்குக்கூடப் பெயர் வைக்கிறார்கள், அவன் அம்மா அப்புறம் எதைச் சாப்பிட்டாள், எப்படித் தூங்கினாள் என்று ஒருத்தரும் பாடுவதில்லை. நான் சொல்கிறேன் கேள், அவள் தூங்கவில்லை. மூன்று வருடம் அந்தப் போர்வையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன், அதில் உன் வாசனை தேடினேன். எனக்கு வீரன் வேண்டாம். நீ வேண்டும்.

இந்த இடத்தில் எழுதுகோலை உன் அக்காள் வாங்கிக்கொண்டாள். அவள் புருஷன் தோளுக்குப் பின்னால் நின்று கற்ற எழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். மாப்பிள்ளையை ஆட்டைப் பார்க்க அனுப்பிவிட்டோம், ஏனென்றால் தெமேத்தர் தாயின் விழாவில் பெண்கள் செய்வதை ஆண்களுக்குச் சொல்லக்கூடாது. தம்பியும் ஆண்தானே என்று இயாந்தே கேட்டாள், அவன் ஊர்க்கணக்கில் செத்தவன், செத்தவனிடம் சொன்னால் குற்றமில்லை என்று சொல்லிவிட்டேன். நம் ஊரும் பெத்ராவும் என்ன அடித்துக்கொண்டாலும் அந்தக் கோவில் இரண்டு ஊர்ப் பெண்களுக்கும் பொது. வெறும் தரையில் பட்டினியாக உட்கார்ந்திருந்து, பிறகு ஒருத்தியை ஒருத்தி வாய்க்கு வந்தபடி ஏசிச் சிரிக்க வேண்டும், தெமேத்தர் தாய் தன் மகளைத் தொலைத்த துக்கத்திலும் சிரித்தது அப்படித்தான். பெத்ராவில் அந்தூசா என்று ஒருத்தி, ஒல்லியாக, எப்போதும் ஓரமாக உட்காருவாள். மூன்று வருடமாக எல்லாரும் அவளைத்தான், "ஓடுகாலியைப் பெத்தவளே, உம் பிள்ளை இப்ப எந்த ஊர்ல முயல் மாதிரி ஓடிக்கிட்டிருக்கான்?" என்று ஏசுவார்கள். சண்டையிலிருந்து அவள் பிள்ளை திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை, அதனால் ஓடிப்போனவன் என்று முடிவுகட்டிவிட்டார்கள். வழக்கப்படி அவளும் சிரிக்க வேண்டும், சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன் மினாசோன். வீரனைப் பெற்றவள் என்ற திமிரில் மற்றவர்களைவிடச் சத்தமாகவே சிரித்திருக்கிறேன். அவள்தான் தெலோனின் அம்மா.

இந்த வருடமும் ஏச்சு தொடங்கியது. நீ யாரிடமும் சொல்லாதே என்று எழுதியிருந்தாய், எனக்கும் உன் பெயரைக் கெடுக்க மனமில்லை, வாயைக் கட்டிக்கொண்டுதான் போனேன். ஆனால் அவள் சிரித்ததைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. எழுந்து நின்று, "ஓடுகாலியைப் பெத்தவ அவ இல்லடி, நான்தான்! எம் பிள்ளை சிசிலியில தார் பூசுறான்!" என்றேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நல்ல ஏச்சு என்று நினைத்து. நான் சிரிக்கவில்லை. அந்தூசா மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் சிரிப்பு மெல்ல நின்றது. மறுநாள் காலை கோவில் சுவருக்குப் பின்னால் வந்தாள், எல்லாவற்றையும் சொன்னேன், கல்லடியை, குளிரை, அவன் அம்மா எங்கே என்று கேட்டதை. திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவளோ, "அந்தப் போர்வை கனமா இருந்துச்சாக்கா?" என்று கேட்டாள். "ரெட்டை நூலும்மா, ரெண்டு குளிர்காலம் நெய்ஞ்சது" என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு என் மடியில் தலையைச் சாய்த்துவிட்டாள். விழா முடிந்ததும் போர்வையை எடுத்துப்போய் அவளிடம் கொடுத்தேன், அது இனி எனக்கு வேண்டாம்.

மறுபடி மாப்பிள்ளை எழுதுகிறார். உன் அப்பாவிடம் நான்தான் சொன்னேன். அவர் தினமும் காலையில் ஒரு குவளைத் திராட்சை மதுவோடு மேட்டுக்குப் போய் உன்னோடு பேசிவிட்டு வருவார், நீ வீட்டில் இருந்த பத்தொன்பது வருடத்தில் அவ்வளவு பேசியிருக்க மாட்டார். கேட்டதும், "அப்ப மூணு வருசமா நான் யாருகிட்ட பேசிட்டிருந்தேன்?" என்றார். பெத்ராப் பையனிடம் என்றேன். "அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேனே, இனி இவன்கிட்ட முதல்ல இருந்து கேக்கணுமா? செத்தவன்கிட்ட கேக்கிறது சுலபமா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனார், கண் சிவந்து திரும்பி வந்தார். அதற்குப்பிறகும் மேட்டுக்குப் போகத்தான் செய்கிறார், பழகிய பையனை விட முடியவில்லையாம்.

ஊருக்கும் சொல்லிவிட்டேன், பெரியவர்கள் கூடினார்கள். எதிரி எலும்புக்கா இத்தனை கிடா வெட்டினோம் என்று சிலர் குதித்தார்கள், யாராக இருந்தால் என்ன, ஆலங்கட்டியைத் தடுத்தது அவன்தானே என்று சிலர் சொன்னார்கள். கடைசியில் தலைவர், "ஈயத் தகட்டுல எவன் வேணும்னாலும் எதையும் கீறலாம். மினாசோன் உசிரோட வந்து நிக்கட்டும், அப்புறம் கல்லுல பேரை மாத்தலாம். அதுவரைக்கும் பெத்ரா ஆளு எவளும் மேட்டுல கால் வைக்கக்கூடாது" என்று முடித்துவிட்டார். புரிகிறதா மகனே? நீ வராதவரை தெலோன் ஓடுகாலிதான். போன அமாவாசைக்கு அந்தூசா பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள், அவளுக்குப் பதிலாக நான் இந்தப் பக்கம் மேட்டில் தேனை ஊற்றினேன், போதும் என்று அவள் கை காட்டுகிற வரை ஊற்றினேன். நீ செத்தவனாக இருந்தால் எங்களுக்குப் பெருமை என்றாயே, அந்தப் பெருமை அவள் பிள்ளையுடையது. வந்து திருப்பிக் கொடுத்துவிடு.

ஓடுகாலி என்று நாலு பேர் சொல்வார்கள், சொல்லட்டும், நாலு நாள் சொல்லி ஓய்வார்கள். சடங்கு ஒன்று இருக்கிறது. கருமாதி முடிந்தபின் திரும்பி வந்தவன் மறுபடி பிறந்தால்தான் கோவிலுக்குள் போகலாம், நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடலாம். கைக்குழந்தையைப் போலக் குளிப்பாட்டி, துணியில் சுற்றி, மார்போடு அணைக்க வேண்டும். அம்மாவுக்கு வயதான உடம்பு, வேறு யாரையாவது செய்யச் சொல்லலாமே என்றாள் இயாந்தே. நான் விடுவேனா? ஒருமுறை பெற்ற எனக்கு இன்னொருமுறை பெறத் தெரியாதா? சுற்றுகிற துணியை நானே நெய்கிறேன். அந்தூசா மேய்ப்பன் ஒருவன் கையில் நாலு சிட்டம் நூல் கொடுத்தனுப்பினாள், குறுக்கே ஓடுகிற ஊடையெல்லாம் அவள் நூல்தான். ஆனால் ஒன்று மகனே, நீ போகும்போது என்னைவிட ஒரு சாண் உயரம், இந்த மூன்று வருடத்தில் எவ்வளவு வளர்ந்தாய் என்று எனக்குத் தெரியாது. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் தறியிலிருந்து அறுக்காமல் வைத்திருக்கிறேன், அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போகிறது.

இந்தக் கடிதம் இந்த வருடத்தின் கடைசிக் கப்பலில் வருகிறது. இனிக் குளிர்காலம் முழுக்கக் கடல் மூடிக் கிடக்கும், உன் பதிலும் வராது. அத்தி துளிர் காக்கைக் கால் அளவு விட்டதும் கப்பல் ஓடும் என்பார்கள், அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். தார்ப் புகையில் தலையைக் கொடுக்காதே, இரவில் எண்ணெய் தேய்த்துக்கொள். அந்த ஊர் நண்டைத் தின்னாதே, உனக்கு ஒத்துக்கொள்ளாது. ஏரி விலாங்கை உப்புப் போட்டு வைத்திருக்கிறேன், உனக்குப் பிடித்தது. வரும்போது நேரே வீட்டுக்கு வராமல் பெத்ரா வழியாக வா, முதலில் அந்தூசா வாசலில் நில். தெலோன் கடைசியாக என்ன சொன்னான் என்று கேட்பாள், ஒரு வார்த்தையையும் விழுங்காமல் சொல். அடுப்புத் தாய் ஹெஸ்தியாவும், மகளைத் திரும்பப் பெற்ற தெமேத்தரும் உன்னைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து சேர்க்கட்டும். மறக்காதே, துணியை அறுக்க உன் அளவு வேண்டும்.

உன்னை இரண்டாம் முறை பெறக் காத்திருக்கும் அம்மா,
மெலித்தா